ஐந்நூறு மீட்டருக்கு அப்பால்: நெடுஞ்சாலை மதுக்கடைத் தடையும் சாலைப் பாதுகாப்பும்

தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை ஆகியவற்றின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதையும் கட்டுப்படுத்திய இந்தத் தீர்ப்பின் மூலவழக்கு தமிழ்நாட்டுடையது. வழக்கின் பெயரே ‘தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு’. தடைக்குப் பிறகு சாலை விபத்துகள் குறைந்தனவா, குறைந்திருந்தால் தடைக்கு அதில் எவ்வளவு பங்கு, குறையவில்லை என்றால் ஏன் என்ற கேள்விகளுக்கு நீதிமன்ற ஆவணம், விபத்துக் கணக்கு, மதுவின் உடலியல், பிற நாடுகளின் அனுபவம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். விடையைச் சோதித்துப் பார்க்க விருதுநகர் மாவட்டம் ஏற்ற இடம். நான்குவழிச் சாலை ஒன்று மாவட்டத்தை வடக்குத் தெற்காக வெட்டிச் செல்கிறது. அதற்கு மேற்கே, அந்தச் சாலையைத் தொடாமலேயே, சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் ஊர்கள் பரந்து கிடக்கின்றன.

பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞரான பாலு தொடுத்த பொதுநல வழக்கில், நெடுஞ்சாலை ஓரத்து டாஸ்மாக் கடைகளை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு மேல்முறையீடு செய்தது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே கடைக்காரரும் அரசுதான், வழக்காடியதும் அரசுதான். வடக்கே, சாலை விபத்தொன்றால் சக்கர நாற்காலியில் முடங்கிய ஹர்மன் சித்து நடத்தும் அமைப்பு பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தில் இதே கோரிக்கையை வைத்து வென்றிருந்தது. இரண்டு வழக்குகளும் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன.

நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் மது உரிமம் கொடுக்கக் கூடாது என்று தேசிய சாலைப் பாதுகாப்புக் குழு 2004 ஜனவரியிலேயே ஒருமனதாகப் பரிந்துரைத்திருந்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2007 முதல் 2014 வரை மாநிலங்களுக்கு நான்கு முறை கடிதம் எழுதியது. கடிதங்கள் கோப்பில் தூங்கின. தமிழ்நாட்டு விதிகள் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் மட்டுமே தூரம் குறித்திருந்தன: மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். சாலைக்கென்று எந்தத் தூரமும் இல்லை. ஒரு ஓட்டுநர் போகிற வழியில் கண்ணில் படுகிற கடை அவரைக் குடிக்கத் தூண்டும். கடையும் அதைக் காட்டும் பலகையும் இல்லாவிட்டால் தூண்டுதல் இருக்காது. நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் தர்க்கம்.

தீர்ப்பு வந்த வேகத்திலேயே தளரவும் தொடங்கியது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆணை, ஓட்டல்களுக்கும் பார்களுக்கும் தடை பொருந்தும் என்றும் தெளிவாக்கியது. ஜூலையில், சண்டிகர் தன் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகளாகப் பெயர் மாற்றிக்கொண்ட வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களைத் தீர்ப்பு தடுக்காது என்று நீதிமன்றம் விளக்கியது. 2018 பிப்ரவரியில், பிற உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் அந்த விலக்கைக் கொடுப்பதா என்பதை மாநில அரசுகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது. பதினான்கு மாதத்தில் 500 மீட்டர் என்பது பெரும்பாலும் கிராம ஊராட்சிகளுக்கான விதியாகச் சுருங்கியது.

இடையில் நடந்த தப்பித்தல்களில் சில சிரிப்பை வரவழைப்பவை. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு பார், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் சுவர்ப் பாதையைக் கட்டி, உள்ளே போகிறவர் நடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டிக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு அவ்வளவு கற்பனை வளம் காட்டவில்லை. ஊர்களுக்குள் செல்லும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக வகை மாற்ற 2017 ஏப்ரலில் முயன்றது. அப்படி வகை மாறிய சாலைகளில் கடை திறக்கச் சென்னை உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே இடைக்காலத் தடை போட்டது. சாலை அங்கேயே இருந்தது, வண்டிகளும் அப்படியே ஓடின. மாறப் பார்த்தது பதிவேட்டில் இருந்த பெயர் மட்டுமே.

தடையின் பலனைக் காட்டும் எண்களுக்கு வருவோம். தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது 2015ஆம் ஆண்டுக் கணக்கு: நாடு முழுவதும் 5,01,423 விபத்துகள், 1,46,133 சாவுகள். சாலை நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லாத தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் சாவுகளில் ஏறத்தாழ 35 சதவீதம் நிகழ்ந்தன. குடித்துவிட்டு ஓட்டியதால் என்று பதிவான சாவுகள் 6,755. அது 2016இல் 6,131 ஆகவும், தடை நடைமுறைக்கு வந்த 2017இல் 4,776 ஆகவும், 2018இல் 4,188 ஆகவும் இறங்கியது. இந்த வரிசையை மட்டும் பார்க்கிறவர் தடை வென்றது என்று சொல்லிவிடுவார். ஆனால் இறக்கம் தடைக்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 2019இல் எண்ணிக்கை மீண்டும் 5,325 ஆக ஏறியது. மொத்தச் சாவுகளோ 2016இல் 1,50,785, 2017இல் 1,47,913, 2018இல் 1,51,417, 2019இல் 1,51,113. நாட்டின் ஆயிரக்கணக்கான கடைகள் இடம் மாறிய அந்த ஆண்டுகளில் இந்தக் கோடு ஏறக்குறைய நேராகவே கிடக்கிறது.

மது தொடர்பான எண்ணின் மேல் அதிகம் சாயவும் கூடாது. விபத்துக்குக் காரணம் என்ன என்பதை நிரப்புகிறவர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவர். குடி என்று எழுதினால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை சிக்கலாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிக் குறைத்துக் காட்டப்படுவதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற பழகிப்போன வாசகம் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். 2017இல் மூன்றில் இரண்டு பங்குச் சாவுகள் அதிவேகம் என்ற தலைப்பில் பதிவாயின; அந்த வேகத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் ரத்தத்தில் மது இருந்தது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளில் காயமடைந்து வருகிறவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், காவல்துறைக் கணக்கைவிட மதுவின் பங்கு மிக அதிகம் என்றே காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டுச் சாலையைக் கடக்கும்போது அடிபடுகிறவர் இந்தக் கணக்கில் வருவதேயில்லை. அவர் வண்டி ஓட்டவில்லை.

தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கும் கைகொடுப்பதில்லை. 2016இல் 17,218 பேர் இறந்தனர், 2017இல் 16,157. 2018க்கு 12,216, 2019க்கு 10,525 என்று எண்கள் வெளியானபோது மாநிலம் நாடெங்கும் பாராட்டப்பட்டது. 108 ஆம்புலன்ஸ், விபத்துச் சிகிச்சை மையங்கள், நெடுஞ்சாலை ரோந்து ஆகியவற்றின் வெற்றி என்று அரசு சொன்னது. மதுக்கடைத் தடைக்கு அந்தப் பட்டியலில் முன்னிடம் கிடைக்கவில்லை. பிறகு 2022இல் எண் 17,884. இவ்வளவு செங்குத்தாக இறங்கி, தொடங்கிய இடத்தையும் தாண்டி ஏறும் கணக்கை எதற்கும் சாட்சியாக நிறுத்த முடியாது.

இவற்றைவிட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு. அது விற்பனைக் கணக்கு. 2017 ஏப்ரல் முதல் நாளில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அன்றிருந்த கடைகளில் அது பாதிக்கும் மேல். 2016–17இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 26,995 கோடி ரூபாய். 2017–18இல் கிடைத்தது 26,797 கோடி. குறைவு ஒரு சதவீதம்கூட இல்லை. இடையில் விலை உயர்ந்ததையும், மூடிய கடைகளில் ஒரு பகுதி வேறிடத்தில் திறந்ததையும் கழித்துப் பார்த்தாலும், குடி பெரிதாகக் குறையவில்லை என்பது தெளிவு. குடிக்கிறவர்கள் மிச்சமிருந்த கடைகளைத் தேடிப் போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதுதான் சாலைப் பாதுகாப்பின் கேள்வி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதற்கு விடை பெரும்பாலும் இருசக்கர வாகனம்.

500 மீட்டர் என்ற அளவை உடலியல் கொண்டும் சோதிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, ஓட்டுநரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது. கடையில் ‘குவாட்டர்’ என்று கேட்டு வாங்குவது 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் மது. எடையில் சுமார் 60 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் ரத்த அளவு 150 மில்லிகிராமை நெருங்கும். சட்ட வரம்பைப் போல் ஐந்து மடங்கு. இருவர் பங்கிட்டுக் குடிக்கிற ‘கட்டிங்’கூட வரம்பை இருமடங்குக்கு மேல் தாண்டிவிடும். குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போதை உச்சத்துக்கு வருகிறது. விருதுநகரில் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறவர் உச்சத்தைத் தொடும்போது மதுரையை நெருங்கிக்கொண்டிருப்பார். கடைக்கும் சாலைக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருப்பதோ இல்லாததோ இந்தக் கணக்கில் ஒரு நிமிட வேறுபாடு.

இறங்குவதும் மெதுவாகத்தான். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவே கழிக்கும். இரவு பத்து மணிக்குக் கடை சாத்தும்போது ஒரு குவாட்டரை முடித்தவர் சட்ட வரம்புக்குக் கீழே வர மறுநாள் காலை ஆறு மணியாகும். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் கிராமங்களிலிருந்து விடியும் நேரத்தில் புறப்படுகின்றன. தூங்கி எழுந்தால் போதை தெளிந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்தப் பகுதியில் கூடுதல் ஆபத்து உண்டு. இரவு வாகனச் சோதனை எவ்வளவு கடுமையாக நடந்தாலும் காலை வேனின் ஓட்டுநரை அது தொடுவதில்லை.

விருதுநகர் மாவட்டச் சாலைகளின் அமைப்பைப் பார்த்தால் தடையின் எல்லை இன்னும் தெளிவாகும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, விருதுநகர், ஆர்.ஆர். நகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகிறது. கிழக்கே அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு ஒன்று. மேற்கே திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லத்துக்கு ஒன்று. சிவகாசி இவற்றில் எதன் மேலும் இல்லை. சாத்தூரிலிருந்து மேட்டமலை வழியாகவும், விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகவும், திருவில்லிபுத்தூரிலிருந்து மல்லி வழியாகவும் வரும் சாலைகள்தான் பட்டாசு லாரிக்கும் அச்சகத்துக்குக் காகிதம் கொண்டுவரும் வண்டிக்கும் வழி. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை பக்கத்து ஆலைகளைத் தேடிப் போகும் கிளைச்சாலைகள் இன்னும் குறுகியவை, இருண்டவை. மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை என்ற வகைகளைத் தீர்ப்பு தொடவேயில்லை. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் நகராட்சிகள். சிவகாசி 2021இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. இந்த எல்லைகளுக்குள் 2017 ஜூலை விளக்கத்தின்படி தடை இல்லை. மாவட்டத்தின் பெரிய சந்திகள் அனைத்தும் விலக்குக்குள் போய்விட, எஞ்சியது நெடுஞ்சாலை ஓரத்துக் கிராமங்கள்.

அந்தக் கிராமங்களில் இடம் மாறிய கடை எப்படியிருக்கும் என்பது தெற்கத்திச் சாலைகளில் போகிறவர்கள் பார்த்துப் பழகியதுதான். நான்குவழிச் சாலையிலிருந்து ஒரு மண்பாதை சீமைக்கருவேலங்காட்டுக்குள் இறங்கும். பெயர்ப்பலகை இருக்காது, பாதையின் முகப்பில் கிடக்கும் தண்ணீர் பாக்கெட் உறைகளும் பிளாஸ்டிக் டம்ளர்களுமே வழிகாட்டி. உள்ளே ஒரு தகரக் கூரைக் கட்டடம், கம்பி வலை போட்ட ஜன்னல், பக்கத்தில் அவித்த முட்டையும் சுண்டலும் விற்கிறவர், சுற்றிலும் ஐம்பது அறுபது பைக்குகள். இரவில் அந்தப் பைக்குகள் ஒவ்வொன்றாக விளக்கில்லாத மண்பாதையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும். ஊர் எதிர்த்திசையில் இருந்தால் அடுத்த நடுத்தடுப்புத் திறப்புவரை போய்த் திரும்ப வேண்டும், போகிறவர்கள் குறைவு. சாலை ஓரமாகவே எதிர்வரிசையில் வருவார்கள். மதுரைப் பக்கமிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் காருக்கு அந்த ஒற்றை விளக்கு எதிரில் வருவதா, முன்னால் போவதா என்று புரிவதற்குள் நேரம் கடந்துவிடும். கடை சாலையை விட்டு விலகியது. குடித்தவர் விலகவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, தடையால் எந்த நன்மையும் இல்லை என்று முடிப்பது நியாயமாகாது. மூன்று விதத்தில் அது உதவியிருக்க வாய்ப்புண்டு. தொலைதூர லாரி, பேருந்து, வாடகைக் கார் ஓட்டுநர்கள் நின்ற இடத்தில் வாங்கிக் குடிப்பது கடினமாயிற்று. மண்பாதையில் பன்னிரண்டு சக்கர லாரியை இறக்க யாரும் துணிவதில்லை. அதோடு சேர்ந்து, கடை வாசலில் விளக்கணைத்துச் சாலையோரம் நிற்கும் லாரிகள் குறைந்தன. நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதுவது இந்தியச் சாலைகளில் கொடிய விபத்து வகை. மூன்றாவது, நடந்து வருகிறவர்கள். கடை ஊர்ப் பக்கம் நகர்ந்த இடங்களில், குடித்துவிட்டு நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய தேவை சிலருக்காவது இல்லாமல் போனது. இந்த மூன்றும் தனித்தனியாக எண்ணப்படாததால் தேசியக் கணக்கில் கரைந்துவிடுகின்றன.

கடை ஊர்ப் பக்கம் நகர்ந்ததற்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். 2017 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடெங்கும் குடியிருப்புகளுக்கு நடுவே வந்த புதிய கடைகளை எதிர்த்து அவர்கள் மறியலில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்த காட்சி மாநிலத்தையே உலுக்கியது. சாலையில் போகிறவர்களின் பாதுகாப்புக்காக வந்த தீர்ப்பு, பள்ளிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகிற வழியைப் பாதுகாப்பற்றதாக்கியது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைசெய்யும் சிவகாசி வட்டாரத்தில், வீட்டின் வாரச் சம்பளம் ஒன்றுக்கு இரண்டாக வந்தாலும், கடை பக்கத்திலிருந்தால் எந்தச் சம்பளம் எங்கே போகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. தீர்ப்பு எழுதப்பட்டபோது இந்தத் தரப்பு நீதிமன்றத்தில் இல்லை.

தூரத்தால் ஆபத்தைக் கட்டுவது சிவகாசிக்குப் புதிதல்ல. அந்தத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. மருந்துக் கலவை செய்யும் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி, கிடங்குக்கும் சாலைக்கும் இடைவெளி, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று வெடிபொருள் விதிகள் அளந்து வைத்திருக்கின்றன. ஓர் அறை வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பது நோக்கம். இடைவெளி மீறப்பட்டு, ஆட்கள் கூட்டமாக அடைக்கப்பட்டபோதெல்லாம் சாவு பெருகியிருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து அதன் கொடிய சாட்சி. ஆனால் அங்கே தூரம் வேலை செய்வதற்குக் காரணம், ஆபத்து ஓரிடத்தில் இருக்கிறது என்பது. மருந்து எழுந்து நடப்பதில்லை. மது அப்படியல்ல, அது வாங்கினவர் உடம்புக்குள் ஏறி, அவர் வண்டியிலேயே சாலைக்கு வந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இதையும் உணர்ந்தே எழுதப்பட்டவை: மது மயக்கத்தில் இருப்பவரை உரிமம் பெற்ற வளாகத்துக்குள் விடவோ, வெடிபொருளை ஏற்றி இறக்கவோ கொண்டுசெல்லவோ அமர்த்தவோ கூடாது என்று அவை தனியே சொல்கின்றன. பொருளுக்குத் தூரம், ஆளுக்குச் சோதனை என்று இரண்டையும் பிரித்துவைத்த அந்த விதிகள், நெடுஞ்சாலைத் தீர்ப்பைவிடத் தெளிவாகச் சிந்தித்தவை.

பிற நாடுகளும் இடத்தடையை முயன்றிருக்கின்றன. இங்கிலாந்தில் விரைவுச்சாலை ஓய்விடங்களில் மது விற்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்ட ஒன்று. இருந்தும் 2014இல் பீக்கன்ஸ்ஃபீல்ட் ஓய்விடத்தில் முதல் மதுவிடுதி உரிமம் பெற்றுத் திறந்தது, சாலைப் பாதுகாப்பு அமைப்புகள் கண்டித்தன. பிரான்சில் பெட்ரோல் நிலையங்கள் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை மது விற்கக் கூடாது, குளிரூட்டிய மதுவை எப்போதும் விற்கக் கூடாது. குளிர்ந்த பாட்டில் வீட்டுக்குப் போவதற்கல்ல, வழியில் திறப்பதற்கு என்ற நுட்பமான கவனிப்பு அதில் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மதுவிலக்கு வட்டங்களையும் மது கிடைக்கும் வட்டங்களையும் ஒப்பிட்ட ஆய்வு எச்சரிக்கை தருகிறது: விலக்கு வட்டத்துக்காரர்கள் குடிக்கத் தொலைவு போய்த் திரும்புவதால் மது விபத்துகளில் அவர்கள் பங்கு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. இங்கே பீகார் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்குக்குப் போனது. அந்த ஆண்டு 4,901 ஆக இருந்த சாலைச் சாவுகள் 2019இல் 7,205. வாகனப் பெருக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்றாலும், கடையை மூடினால் சாலை தானாகப் பாதுகாப்பாகிவிடும் என்ற வாதத்துக்கு அந்த எண்கள் உதவவில்லை. மாறாக, விற்பனை நேரமும் நாளும் விலையும் மாறும்போது விபத்து மாறுவதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. நியூ மெக்சிகோ மாநிலம் 1995இல் ஞாயிற்றுக்கிழமை விற்பனையை அனுமதித்த பிறகு ஞாயிறு மது விபத்துகள் கணிசமாக உயர்ந்தன. கடை எங்கே என்பதைவிட எப்போது, என்ன விலைக்கு என்பதன் கை வலிமையானது.

எல்லாவற்றையும்விட வலிமையானது ஓட்டுநரின் மூச்சைச் சோதிப்பது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையைத் தொடங்கியது. அந்த ஆண்டில் 1,253 ஆக இருந்த சாலைச் சாவு மறு ஆண்டில் 966. தண்டனையைக் கூட்டியதைவிட, இன்று மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம்தான் வேலை செய்தது. இந்தியாவிலேயே இதற்கு முறையான சான்று உண்டு. ராஜஸ்தான் காவல்துறையுடன் சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலான பொருளியலாளர்கள் நடத்திய பரிசோதனையில், காவல் நிலையங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. சிலவற்றில் ஒரே இடத்தில் சோதனைச் சாவடி. சிலவற்றில் இடம் மாறி மாறிச் சோதனை. இடம் மாறிய நிலையங்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவுச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்ற சாவடியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை; ஓட்டுநர்கள் மாற்று வழியைக் கண்டுகொண்டார்கள். நகராத கடைத்தடை ஏன் பலன் தரவில்லை என்பதற்கும் இதே முடிவு விளக்கம் சொல்கிறது.

சட்டத்தின் கை இப்போது பலவீனமானதல்ல. 2019 திருத்தம் குடித்து ஓட்டுவதற்கான அபராதத்தை முதல் தடவைக்கு 10,000 ரூபாயாகவும், இரண்டாம் தடவைக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது; சிறைத் தண்டனை முறையே ஆறு மாதம் வரை, இரண்டு ஆண்டு வரை. குறை தொகையில் இல்லை, சோதனையின் அடர்த்தியில் இருக்கிறது. சுங்கச்சாவடிக்கு அருகிலும் ஊர் எல்லை வளைவிலும் வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் நிற்கும் சோதனையை உள்ளூர்க்காரர் யாரும் கடந்து போவதில்லை. ஊருக்குள் புகுந்து வெளியே வந்துவிடுவார்கள். மூச்சுச் சோதனைக் கருவிகள் நகரங்களில் குவிந்திருக்க, கிராமப்புறக் காவல் நிலையங்களில் அவை அரிது.

கிடைத்த சான்றுகளை எடைபோட்டால் தீர்ப்பு இப்படித்தான் வரும்: நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைத் தடை தொலைதூர ஓட்டுநருக்கு ஓரளவு தடையாக இருக்கும், உள்ளூர்க்காரரின் இருசக்கர வாகனத்தை அது தொடாது, விலக்குகளுக்குப் பிறகு மிச்சமிருக்கும் வடிவில், அதனால் விபத்து குறைந்தது என்று காட்டச் சான்று இல்லை. தடையை நீக்கச் சொல்ல இது காரணமாகாது. சாலையோரம் கடை திரும்ப வருவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் அடுத்து செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போக வேண்டும் என்பதற்குச் சான்று வழிகாட்டுகிறது: பட்டாசு ஆலைகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலையில் சாத்தூர்–சிவகாசி, சிவகாசி–வெம்பக்கோட்டைச் சாலைகளில் இடம் மாற்றி மாற்றிச் சோதனை; விடியற்காலையில் ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநர்களுக்கு ஆலை வாசலிலேயே மூச்சுச் சோதனை; விபத்தில் இறந்த ஒவ்வொருவரின் ரத்தத்திலும் மது அளவைப் பதிவு செய்வது. மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் முடிவெடுத்தால் போதும்.